உடம்பு வலி மாத்திரைக்கு முன் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள்

[திரையில்: தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் வீரர்]

2011 ஜனவரி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணி, மூன்று வார விடுமுறைக்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்புகிறது. ஒரே மூச்சில் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் பாதியைத் தோளில் வைத்து 100 ஸ்குவாட். சில நாட்களில் 13 வீரர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கே இந்த நிலை.

இதுதான் ராப்டோமயோலிசிஸ். தசை நார்கள் சிதைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கலந்துவிடும். பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பாழாக்கும்.

[திரையில்: சோதனைக் குப்பியில் கறுப்பு டீ நிறச் சிறுநீர்]

இந்த நிறத்தை மனதில் வையுங்கள். லேபில் சோதனைப் பட்டையை நனைத்தால் 'ரத்தம் இருக்கிறது' என்று காட்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்களே இருக்காது. பட்டை பிடித்தது மயோகுளோபினை. அப்புறம் சி.பி.கே., அதாவது தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் நொதி. அதற்கான ரத்தப் பரிசோதனையில் எண் ஆயிரங்களில் வரும்.

சரி, மருந்துக்கு வருவோம். கை கால் அசைக்க முடியாத வலி என்றால் நாம் முதலில் செய்வது என்ன? மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரோஃபெனோ வாங்கிப் போடுவோம். வியர்த்து நீர் வற்றிய உடம்பில், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் காப்பது புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள். இந்த மாத்திரைகள் அவற்றைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே அடி வாங்கும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. சிறுநீர் கறுத்திருந்தால் வலி மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நரம்பு வழியாக சலைன் சீக்கிரம் ஏற ஏற, சிறுநீரகம் தப்பும் வாய்ப்பு கூடும்.

அடுத்து கொலஸ்ட்ரால் மாத்திரை. இதில் பரவலான வகைக்கு ஸ்டாட்டின் என்று பெயர். செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 2001-இல் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது, இந்தத் தசைச் சிதைவால்தான். இன்றுள்ள ஸ்டாட்டின்களில் இது மிக அரிது. பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாரடைப்பைத் தடுக்கும் மருந்து அது. கவனம் தேவைப்படுவது சேர்க்கையில். சிம்வாஸ்டாட்டின், அடார்வாஸ்டாட்டின் எடுப்பவருக்கு நெஞ்சுச் சளிக்குக் கிளாரித்ரோமைசின் கொடுத்தால், கல்லீரல் ஸ்டாட்டினைக் கழிக்கும் வேலை மந்தமாகி, ரத்தத்தில் அதன் அளவு ஏறும். மருத்துவர் புது ஆன்டிபயாடிக் எழுதும்போதே உங்கள் மாத்திரை அட்டையை மேஜையில் எடுத்து வையுங்கள். வேறு ஆன்டிபயாடிக் தருவதா, அந்தச் சில நாள் ஸ்டாட்டினை நிறுத்தி வைப்பதா என்று அவர் முடிவு செய்வார்.