இரண்டு கடையில் கணக்கு

(மயிலாப்பூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

வல்லரசுகள் மோதிக்கொள்ளும்போது நம்மைப் போன்ற நாடு என்ன செய்யும் என்று பேசச் சொன்னார்கள். அதற்கு ஜெனீவா வரை போக வேண்டாம். பாரிமுனையில் மணலி பஸ் ஏறினால் போதும். அங்கே இரவெல்லாம் புகைபோக்கி உச்சியில் தீ எரியுமே, அந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கியபோது அதற்கு மூன்று முதலாளிகள். இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. கச்சா எண்ணெயும் ஈரானிலிருந்துதான்.

1979-ல் ஈரானில் புரட்சி. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஆட்களை 444 நாள் பிணையாகப் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே அப்படி, இங்கே மணலியில் இரண்டு நாட்டுக் கம்பெனிகளும் பங்காளிகள். பங்காளி என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம் உண்டு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அமோகோ 1985-ல் விலகியது. ஈரானின் பங்கு தொடர்ந்தது. ஆனால் 2019 மே மாதம், ஈரான் மீதான தடையிலிருந்து அமெரிக்கா கொடுத்திருந்த விலக்கு முடிந்ததும் இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்திவிட்டது. கடையில் பங்கு உண்டு, சரக்கு போட முடியாது!

நடுநிலை என்றால் பலருக்குத் துலாக்கோல் ஞாபகம் வரும். எனக்கு வருவது எங்கள் தெரு அண்ணாச்சி கடையின் நீள நோட்டு. ஒரு மாதம் அரிசியில் கல்லாக இருந்தது. அம்மா முறத்தோடு கிளம்பிவிட்டாள். அப்பா சொன்னார்: "சும்மா இரு, போன மாசப் பாக்கியே இன்னும் நிக்குது." கல்லைப் பொறுக்கிவிட்டுச் சாப்பிட்டோம். அடுத்த வருஷம் அப்பா இன்னொரு கடையிலும் கணக்கு வைத்தார். அதற்குப் பிறகுதான் அம்மாவின் குரல் முதல் கடையில் எடுபட்டது.

அணிசேராமை பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் மாநாட்டுப் புகைப்படம்.

1965-ல் மழை பொய்த்தது, 1966-லும் பொய்த்தது. அந்த 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. வியட்நாமில் குண்டு போடுவதை தில்லி குறைசொன்னது, வாஷிங்டனுக்கு எரிச்சல். ஜனாதிபதி ஜான்சன் கோதுமையை மொத்தமாகத் தராமல் சிறிது சிறிதாகத்தான் விடுவித்தார். அடுத்த கப்பல் எப்போது கிளம்பும் என்று ஒரு நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது: உங்கள் விவசாயத்தைச் சரிசெய்யுங்கள் என்பதும் அவருடைய நிபந்தனை. ஆனால் கயிறு யார் கையில் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்போது உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். வெளியுறவுத் துறைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டில் வெளியுறவுக்காக அவரளவு செய்தவர்கள் குறைவு என்பது என் கட்சி. 1966-ல் 18,000 டன் மெக்சிகோ குட்டைரகக் கோதுமை விதையை வரவழைத்தார். அத்தனை விதைக்குப் பணமா, மண் கெட்டுவிடாதா என்று எத்தனை எதிர்ப்பு! கப்பலை எதிர்பார்க்கும் பிழைப்பு ஐந்தாறு வருஷத்தில் பெருமளவு குறைந்தது. 1971-ல் வங்கதேசப் போரின்போது அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் கண்ணை உருட்டினார், சமாளிக்க முடிந்தது. அந்த வருஷம் சோவியத்தோடு போட்ட நட்பு ஒப்பந்தம் ஒரு காரணம், களஞ்சியம் இன்னொன்று. இதில் ஒரு வேடிக்கை, அதே சுப்பிரமணியத்தை 1967 தேர்தலில், அரிசித் தட்டுப்பாட்டுக் கோபத்தில், கோபிச்செட்டிபாளையத்தில் நாமே தோற்கடித்தோம்.

நம் நடுநிலை எப்போதும் யோக்கியமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாயில் பிரிட்டனும் பிரான்சும் இறங்கியபோது உரக்கக் கண்டித்தோம். அதே வாரங்களில் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. நமக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒதுங்கி நிற்பது வெறும் பயம் என்றும் தள்ளிவிட முடியாது. 1953-ல் கொரியாவில் சண்டை நின்றதும், ஊர் திரும்ப மறுத்த கைதிகளை யார் பொறுப்பில் விடுவது என்று கேள்வி வந்தது. இரண்டு தரப்பும் சம்மதித்தது இந்தியப் படைக்கு. ஜெனரல் திம்மையா போனார். எந்தப் பக்கமும் போகமாட்டோம் என்று நின்ற 88 பேர், 1954 பிப்ரவரியில் கப்பலேறி வந்து இறங்கியது இதோ நம் சென்னைத் துறைமுகத்தில்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐ.நா.வில் நாம் வாக்களிக்காமல் ஒதுங்கினோம், ரஷ்ய எண்ணெயை மலிவாக வாங்கினோம். போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாதது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதற்குத் தண்டனை என்று சொல்லித்தான் 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்கு மீதான வரியை இரட்டிப்பாக்கி 50 சதவீதமாக்கியது.

லாபம் ஒரு இடத்தில், அடி வேறு இடத்தில். எண்ணெய் வந்து இறங்கியது சுத்திகரிப்பு ஆலைகளில், அடி விழுந்தது திருப்பூர் பனியனில். தில்லியில் வாக்குப் பொத்தானைத் தொடாமல் விடுகிறவர் இந்தக் கணக்கையும் போட்டாக வேண்டும். போட்டார்களா என்பதுதான் என் சண்டை.

என் மச்சான் திருப்பூரில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே அமெரிக்க பையருக்கு. அந்த செப்டம்பரில் போயிருந்தேன். பாதி மிஷின்களுக்கு உறை போட்டிருந்தது. பையர் பாதி ஆர்டரை நிறுத்திவிட்டு, மீதிக்கு டிஸ்கவுண்ட் கேட்டிருந்தார். செக்கிங் மேசையில் நாலு பெண்கள் உட்கார்ந்து, தைத்து முடித்த டி-ஷர்ட்டுகளின் கழுத்தில் ஊசி முனையால் அமெரிக்க லேபிளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அட்டைப்பெட்டியில் ஐரோப்பிய அளவு போட்ட புது லேபிள் கட்டுகள்.

"எங்கேங்க அனுப்பப் போறீங்க?" என்றேன்.

"ஸ்பெயின்ல ஒருத்தர் சாம்பிள் கேட்டிருக்கார். நூறு பீஸ்தான்" என்றார் மச்சான்.