உங்கள் ரெக்ஸ் உயிரோடு இருக்கிறாரா? மாஸ் எஃபெக்ட் முடிவைப் பற்றி ஒரு பழைய வழக்கு

(திரை கறுப்பு. சிவப்பு, நீலம், பச்சை வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன.)

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து கதைக்கிறேன். இன்றைக்கு மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேமின் மூன்றாம் பாகத்தின் முடிவு. கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லப்போகிறேன், அதனால் இன்னும் விளையாடாதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிட்டு, விளையாடி முடித்துவிட்டு வாருங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முதல் பாகம் 2007, இரண்டாவது 2010, மூன்றாவது 2012 மார்ச். கமாண்டர் ஷெப்பர்ட் என்ற ஒரு ஆள், ஆணாகவோ பெண்ணாகவோ நீங்களே உருவாக்கலாம், என்னுடையவர் பெண். 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து விண்மீன் மண்டலத்து நாகரிகங்களை அறுவடை செய்துகொண்டு போகும் ரீப்பர் இயந்திரங்களை அவர் தடுக்க வேண்டும். ஆனால் எங்களை இழுத்தது அந்தக் கதை இல்லை, சேவ் ஃபைல். முதல் பாகத்தில் நீங்கள் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைச் சாகவிட்டீர்கள் என்பதெல்லாம் அந்த ஃபைலில் இருக்கும், அதை இரண்டாம் பாகத்துக்கும் பிறகு மூன்றாம் பாகத்துக்கும் கொண்டுபோகலாம்.

(திரையில்: குரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் டுச்சங்கா கிரகத்தில் ஒரு கோபுரம்.)

இதை நானும் என் மச்சானும் ஒரே காலத்தில் விளையாடினோம், கொக்குவிலில் அவன் வீட்டு விறாந்தையில் இருந்து இரவிரவாகச் சண்டை பிடித்தோம். முதல் பாகத்தில் விர்மயர் என்ற கிரகத்தில் ரெக்ஸ் என்ற குரோகன் வீரன் துவக்கோடு உங்களை எதிர்த்து நிற்பான். அவனோடு சரியாகக் கதைத்தால் சமாதானமாவான். என்னால் முடியவில்லை, என் ரெக்ஸ் அங்கேயே செத்துவிட்டான். மச்சானின் ரெக்ஸ் பிழைத்தான். இரண்டாம் பாகத்தில் குரோகன்களின் நோய்க்கு மருந்து தேடி மேலன் என்ற விஞ்ஞானி செய்த கொடூரமான ஆராய்ச்சியின் தரவுகளை நான் அழித்தேன், மச்சான் வைத்துக்கொண்டான்.

இப்போது மூன்றாம் பாகத்துக்கு வாருங்கள். குரோகன் இனத்தின் கருவை அழிக்கும் நோய்க்கு மருந்து பரப்ப வேண்டும், அதற்காக மோர்டின் என்ற வயதான விஞ்ஞானி எரிகிற கோபுரத்துக்குள் போக வேண்டும். மச்சானுக்கு மோர்டின் மேலே போய், வாய்க்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடித்துச் செத்தார். எனக்கு அப்படி நடக்கவில்லை. ரெக்ஸ் இல்லாததால் குரோகன்களுக்கு அவனைவிட மோசமான ஒரு தலைவன், தரவுகள் இல்லாததால் அவர்களுடைய நம்பிக்கையாக இருந்த பெண்ணும் செத்துவிட்டாள், அதனால் "போகாதீர்கள்" என்று மோர்டினைத் தடுக்க எனக்கு ஒரு வழி திறந்தது. தடுத்தேன். அவர் உயிரோடு இருக்கிறார், குரோகன் இனம் குணமாகவில்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய பாகத்தில் ஒரு கடற்கரையில் நான் விட்ட பிழை இங்கே வந்து நிற்கிறது! இதைவிட நல்ல தேர்வை நான் எந்த கேமிலும் பார்த்ததில்லை.

அப்புறம் கடைசிக் காட்சி.

(மூன்று நிறங்கள் திரும்பவும்.)

ஒரு சிறுவன் உருவத்தில் ஒன்று தோன்றுகிறது. படைக்கப்பட்ட இயந்திரம் என்றைக்குமே படைத்தவனை எதிர்க்கும், அதனால்தான் இந்த அறுவடை என்று சொல்கிறது. பிறகு மூன்று வழி காட்டுகிறது: ரீப்பர்களை அழி, கட்டுப்படுத்து, அல்லது உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கல. சிவப்பு, நீலம், பச்சை. முதலில் வந்த பதிப்பில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே காட்சிகள்தான், நிறம் மட்டும் வேறு. ரசிகர்கள் இந்த மூன்று நிறத்தில் 400 அளவில் கப்கேக் செய்து, கேமைச் செய்த பயோவேர் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள், எல்லாமே ஒரே வனிலாச் சுவை. அந்தக் கோபம் எனக்கு முழுதாக விளங்குகிறது.

ஆனால் மச்சானோடு நான் வாதாடினேன். கணக்குப் பாருங்கள், இரண்டு இரண்டு வழியாகப் பத்துத் தேர்வு வைத்தால் 1,024 கதை, இருபது வைத்தால் 10 இலட்சத்துக்கு மேல். யாராலும் எழுதி, குரல் கொடுத்து முடிக்க முடியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவது போலத்தான், பாத்திக்குப் பாத்தி திருப்பினாலும் எல்லாம் ஒரே வாய்க்காலில் இருந்துதான் போக வேண்டும். ரக்னி என்ற பூச்சி போன்ற இனத்தின் ராணியை முதல் பாகத்தில் கொன்றாலும், மூன்றாம் பாகத்தில் அவளுடைய இடத்தில் ரீப்பர்கள் செய்த இன்னொன்று வந்து நிற்கும். அதற்கு மேல், முடிவு ஒன்றாக இருந்தால் என்ன குறை? எங்கள் ஊர்க் கோயிலில் காத்தவராயன் கூத்துப் போட்டால் அவர் கழுமரம் ஏறுவார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் விடிய விடியப் பாய் விரித்து இருந்து பார்க்கிறோமே.

அதற்கு மச்சான் சொன்னது: "கூத்தில என்னை ஒருத்தரும் கேட்கேல்லை. இதில என்னைக் கேட்டவங்கள், நான் சொன்னதை எழுதியும் வைச்சவங்கள்."

நான் வாயடைத்துப் போனேன்.

(திரையில்: ரனோக் கிரகம்.)

அவனுடைய விளையாட்டில் ரனோக்கில் சமாதானம் நடந்திருந்தது. குவேரியன் மக்கள், அவர்கள் படைத்த கெத் இயந்திரங்கள், நூற்றாண்டுக் கணக்கான பகை, அதை அவன் தீர்த்துவைத்திருந்தான். அதற்கு இரண்டாம் பாகத்திலிருந்தே பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். எனக்கு அது அமையவில்லை. அதனால் அந்தச் சிறுவன் "என்றைக்குமே எதிர்க்கும்" என்று சொன்னபோது நான் தலையாட்டினேன், என் விளையாட்டில் அது உண்மை. மச்சானுக்கு அது பச்சைப் பொய், அதற்குச் சாட்சி அவனுடைய சேவ் ஃபைலிலேயே இருக்கிறது, ஆனால் "இல்லை, இங்கே பார்" என்று சொல்வதற்கு ஒரு வரி கூட அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. ஒன்றையும் ஒழுங்காகக் காப்பாற்றாத எனக்கு அந்த முடிவு பொருந்தியது, எல்லாவற்றையும் அன்போடு காப்பாற்றியவனுக்குத்தான் அது கன்னத்தில் அடித்தது. இது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

அதனால் இப்போது முடிவுகளின் எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. 2000-இல் வந்த டியூஸ் எக்ஸ் என்ற இன்னொரு கேமிலும் மூன்றே முடிவுதான். ஆனால் கடைசிக் கட்டமான ஏரியா 51-க்குள் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று பக்கமும் காதுக்குள் வந்து வாதாடும், ஒவ்வொரு முடிவுக்கும் வேறு வேறு வேலையைச் செய்து முடிக்க வேண்டும். 2003-இல் வந்த அடுத்த பாகம் மூன்று முடிவையும் கலந்துகொண்டு கதையைத் தொடர்ந்தது, ஆனாலும் அந்த மூன்றுக்கும் நடுவில் நின்ற குழப்பம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

2012 யூனில் பயோவேர் இலவசமாக விரிவான முடிவைத் தந்தது. டொங்கிளில் இரவு முழுக்க டவுன்லோட் போட்டோம். ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனி விளைவு காட்டினார்கள், சிறுவனிடம் கூடுதலாகக் கேள்வி கேட்கலாம், நான்காவதாக "முடியாது" என்றும் சொல்லலாம், அப்படிச் சொன்னால் எல்லோரும் தோற்பார்கள். நல்ல வேலைதான், மதிக்கிறேன். ரனோக்கைப் பற்றிய அந்த ஒரு வரி மட்டும் அதிலும் இல்லை.

2021-இல் மூன்று பாகமும் புதுப்பித்து வந்ததல்லவா, அதை இப்போது முதலிலிருந்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். விர்மயர் கடற்கரையில் ரெக்ஸ் இந்த முறை துவக்கை இறக்கினான். உடனே மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

உங்கள் ரெக்ஸ் எங்கே நிற்கிறார், ரனோக்கில் என்ன செய்தீர்கள், கடைசியில் எந்த நிறம், மூன்றையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள்.