பட்டான் கல்

(ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று குன்னூர்ப் பள்ளி ஒன்றில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, ஸ்வெட்டருக்குள் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

வாசலில் வைத்திருக்கும் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். சிங்கம், புலி, சரித்திரம் எல்லாம் இருக்கிறது. எழுதிய தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வீரர் என்ன செய்தார் என்று மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.

நம் முன்னோர்கள் இதில் கெட்டிக்காரர்கள். செங்கம் பக்கத்து நடுகற்களில் யார் ஆட்சியில், யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் விழுந்தான் என்று வெட்டிவிட்டு, ‘பட்டான் கல்’, அதாவது சண்டையில் மாண்டவனின் கல், என்று முடித்துவிடுவார்கள். புகழ்ச்சி கிடையாது. நானும் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.

மேஜர் மாரியப்பன் சரவணன். ஊர் திருச்சி. பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். 1999 மே 29, கார்கில் போரில், பட்டாலிக் பகுதியில் பட்டார்.

இங்கே வெலிங்டனில் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற மதராஸ் ரெஜிமென்ட் முழக்கத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் நீங்கள். அவர் ஜவான்களின் முழக்கமோ ‘பிர்சா முண்டா கீ ஜெய்’, வெள்ளையரை எதிர்த்த பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவுக்கு வெற்றி என்று அர்த்தம். ராணுவத்தில் இதெல்லாம் சாதாரணம். போன ஒரே மாதத்தில் சாப்பாடு முதற்கொண்டு பழகிவிடும். குளிர் மட்டும் பழகாது.

இப்போது ஒரு கணக்கு. தொட்டபெட்டா 2,637 மீட்டர். பஸ் நிற்குமிடத்திலிருந்து உச்சிக்கு நடந்தாலே நம்மில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்குகிறது. அவர்கள் பிடிக்க வேண்டியிருந்த இடம் 14,000 அடிக்கு மேல். தொட்டபெட்டாவின் தலையில் இன்னும் 5,000 அடியை ஏற்றி வையுங்கள். சமவெளியில் கிடைக்கும் பிராணவாயுவில் சுமார் 60 சதவீதம்தான் அங்கே கிடைக்கும். முதுகில் மூட்டை, கையில் ஆயுதம். மறைந்துகொள்ள நம் ஊர் மாதிரி தேயிலைச் செடிகூட இல்லை. மொட்டைப் பாறை.

மேலே கல்லை அடுக்கி மோர்ச்சா, அதாவது பதுங்கிச் சுடும் அரண், கட்டி எதிரி உட்கார்ந்திருக்கிறான். சரிவில் சண்டை என்றால் மேலே இருப்பவனுக்கு எல்லாமே சாதகம். அவனுக்குக் கீழே வருபவன் முழுசாகத் தெரிவான். ஏறுகிறவனுக்கு அவன் துப்பாக்கி முனைதான் தெரியும். தேயிலைக் காட்டில் மேலிருந்து கல் உருட்டி விளையாடிய பையன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விடிவதற்கு முன் தாக்குதல். குண்டு மழைக்கு நடுவே சரவணன் ராக்கெட் லாஞ்சரோடு முன்னேறி மோர்ச்சாவைச் சுட்டார். எதிரிகள் இருவர் விழுந்தார்கள். அவர் உடம்பிலும் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அந்த நிலையில் ஓர் அதிகாரி பின்வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் திரும்பவில்லை, காயத்தோடு சண்டையைத் தொடர்ந்தார். அப்புறம் தலையில் குண்டு பாய்ந்தது. வயது 26.

வீர சக்ரா கொடுத்தார்கள். திருச்சி கன்டோன்மென்ட்டில் நினைவிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

எனக்கு ராத்திரியில் நினைவுக்கு வருவது அதற்குப் பிந்தைய நாட்கள்தான். சிகரம் எதிரி கையில் இருந்ததால் உடலைக் கீழே கொண்டுவர முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் அந்த மலையிலேயே கிடந்தது. நம் ஆட்களில் ஒருவர் மேலே கிடக்கிறார் என்று தெரிந்தபடி கீழே காவல் நிற்பது எப்படியிருக்கும் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. ஜூலையில், அதே பட்டாலியன் அந்த ஜுபார் மலையை மீட்டது. அப்புறம்தான் அவர் வீடு திரும்பினார்.

சரி, பியூகிள் தம்பி தயாராகிவிட்டார். எழுந்து நிற்போம். பிள்ளைகளே, கையை ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுங்கள்.