நீலத் தொட்டியும் எரியாலையும்

(சமூக மன்றம் ஒன்றில் குடியிருப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பையைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பரோட்டாக் கடைக்காரர் என்னைத் திட்டப் போகிறார்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குப்பைமேட்டுக் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் சோறும் காய்கறித் தோலும் மீத்தேனாகக் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளுக்கு அது பொருந்தும். இங்கே சிங்கப்பூரில் கணக்கே வேறு. நாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் குப்பைத் துவாரத்தில் போடுவது, குப்பையை எரிக்கும் எரியாலைக்குப் போகிறது. மிஞ்சும் சாம்பல்தான் துவாஸிலிருந்து படகில் புலாவ் செமக்காவ் என்னும் குப்பை நிரப்பும் தீவுக்குச் செல்கிறது.

எரித்துவிட்டால் மீத்தேன் இல்லையே, பிறகென்ன கவலை? பிளாஸ்டிக்தான் கவலை. சோற்றிலுள்ள கரி (கார்பன்) சில மாதங்களுக்கு முன் நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்தது. எரிந்தால் காற்றுக்கே திரும்புகிறது. பிளாஸ்டிக்கில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த எண்ணெயின் கரி. ஒரு கிலோ பாலித்தீன் பை முழுதாக எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கரியமிலவாயு வரும். போட்ட எடையைவிட வரும் எடை அதிகமா என்று பலர் சந்தேகப்படுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. எரியாலை மின்சாரமும் தருகிறதே என்பீர்கள். தருகிறது, ஆனால் அந்த வாயு புகைபோக்கி வழியே போகத்தான் செய்கிறது.

அதற்காகச் சோற்றை வீணாக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. தண்ணீர் தேங்கிய வயல்களும் மீத்தேன் விடுகின்றன. மீந்த சாதத்தைக் கொட்டும்போது, வயலில் வந்த வாயுவும் கப்பலில் எரிந்த எண்ணெயும் வீணாகத்தான் போயின.

இப்போது மறுபயனீட்டுப் பொருள்களைப் போடும் நீலத் தொட்டிக்கு வருவோம். அதில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாது. 2023இல் வீட்டு மறுபயனீட்டு விகிதம் 12 விழுக்காடுதான். ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் போடுகிறோம். யாரோ எறிந்த குழம்புப் பொட்டலம் கசிந்தால் அதற்கடியில் கிடக்கும் தாளும் அட்டையும் கெட்டு எரியாலைக்கே போகும். வீடுவீடாக வந்து பழைய சாமான் வாங்கும் அந்தக் காலத்துக் காராங்கூனிக்காரர் நனைந்த செய்தித்தாளை வாங்கவே மாட்டார். அவருடைய கண்டிப்பு நம்மிடம் இல்லை என்பது என் கருத்து. அலுமினியக் கேனை உருக்கித் திரும்பச் செய்தால், தாதுவிலிருந்து செய்வதைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு ஆற்றல் மிச்சம். அதைக் குப்பைத் துவாரத்தில் போட எந்தக் காரணமும் இல்லை. டிஷ்யூ, ஸ்டைரோஃபோம் இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, பிரித்துப் போடுவதைவிட வாங்காமல் இருப்பதே மேல். பேரங்காடிக்குத் துணிப்பை கொண்டு போங்கள்.

டப்பாவையும் பாட்டிலையும் கழுவி நீலத் தொட்டியில் போட்டால் தண்ணீர் வீணாகாதா என்று முன்வரிசையில் ஓர் அக்கா கேட்டார். பாத்திரம் அலசிய தண்ணீரிலேயே ஒரு சுற்றுப் போதும். பளபளக்க வேண்டாம், காய்ந்திருந்தால் சரி. நெய் டப்பாவின் பிசுக்கு எப்படியும் போகவில்லையா? குப்பைத் துவாரத்திலேயே போட்டுவிடுங்கள் அக்கா. எரிந்தபின் சாம்பலிலிருந்து இரும்பைக் காந்தம் வைத்து எடுத்துவிடுகிறார்கள்.