அஞ்சா, அஞ்சரையா? மேற்குச் சுவர் ஃபின்னைக் கெடுக்கிற ஒரு பெட்டி

வணக்கம் மக்களே. சூரியன் போற போக்குக்கு ஏத்த மாதிரி திரும்புற ஜன்னல் மறைப்புப் பலகை, அதான் ஃபின். இன்னைக்கு அதுகளைச் சேர்த்து ஆட்டுற புஷ் ராட் பத்தி வீடியோன்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். போன வீடியோவுக்கு அப்புறம் நீங்க அனுப்பின கிராஸ்ஹாப்பர் (கட்டட வடிவத்தைக் கணக்குப் போட்டு வரையுற மென்பொருள்) ஃபைலெல்லாம் திறந்து பாத்தேன், மனசு பொறுக்கல. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல், எங்க உள்ள பில்டிங்கா இருந்தாலும் தப்பு ஒண்ணுதான். டைம் ஸோன் பெட்டி, அதாவது நம்ம கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட எத்தனை மணி முந்தின்னு சொல்ற பெட்டி, காலியாக் கிடக்கு!

நமக்குக் கிட்டக்க கிடைக்கிற ஈபிடபிள்யூ (EPW) வானிலை ஃபைல் திருவனந்தபுரத்துக்கு உள்ளது. நம்ம ஊருக்குத் துல்லியமா வேணும்னு லேடிபக்ல, அதான் கிராஸ்ஹாப்பருக்குள்ள வெயில் கணக்குப் போடுற ப்ளக்இன்ல, கன்ஸ்ட்ரக்ட் லொகேஷன் எடுத்து அட்சரேகை 8.18, தீர்க்கரேகை 77.43-னு அடிக்கிறீங்க. டைம் ஸோனை விட்டுடுறீங்க. விட்டா அது தீர்க்கரேகையை வச்சு முழு எண்ணா 5-னு எடுத்துக்கிடும். நம்மளுக்கு 5.5. அரை மணி நேரம்னா சூரியன் கணக்குல 7.5 டிகிரி. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் அட்சரேகையில வித்தியாசம் 0.3 டிகிரிதான். 0.3-ஐத் திருத்தப் போயி 7.5-ஐ உள்ள விடுறோம், கேட்டியளா? பேசாம இம்போர்ட் ஈபிடபிள்யூல வர்ற லொகேஷனையே சன்பாத்துக்கு, அதான் சூரியன் போற பாதையைக் கணக்குப் போடுற பெட்டிக்கு, குடுங்க.

5-ல ஓடுனா சூரியன் அரை மணி முந்தி நிக்கும். காலையில கிழக்குல சூரியன் ஏறிட்டுன்னு ஃபின் முன்னாடியே திறந்துரும், நேர் வெயில் மேசை மேல விழும். சாயங்காலம் மேற்குல தேவைக்கு முன்னாடியே மூடும், ரூம்ல லைட்டைப் போடணும். இதைச் சரிபண்ணாம கலாபகோஸை (நல்ல விடையைத் தானாத் தேடுற கிராஸ்ஹாப்பர் கருவி) ராத்திரி முழுக்க ஓட்டினாலும் பிரயோஜனம் இல்ல.

கலாபகோஸ்னதும் ஞாபகம் வருது. அதுக்கு ஃபிட்னஸா, அதாவது எது நல்ல விடைன்னு அளக்கிற மதிப்பெண்ணா, ஒரே ஒரு எண்தான் குடுக்க முடியும். வெயில் கதிர்வீச்சைக் குறைன்னு மட்டும் சொன்னா எல்லா ஃபின்னையும் இழுத்து மூடிரும், உள்ள இருட்டாயிரும். அதனால லேடிபக்கோட கூட்டாளி ஹனிபீல வெளிச்சக் கணக்கு ஓட்டி, 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) கிடைக்காத தரைப்பரப்புக்கு அபராதம் சேருங்க. இல்லன்னா ரெண்டையும் தனித்தனி இலக்கா, பல இலக்கை ஒண்ணாத் தேடுற வாலசெய்ல வைங்க. ஆனா ஒவ்வொரு ஃபின்னுக்கும் தனியா ஒரு ஸ்லைடர் (நிலையை மாத்துற எண்) மட்டும் வைக்காதீங்க. 24 ஃபின், ஒவ்வொண்ணுக்கும் 3 நிலைன்னா 28,000 கோடிக்கு மேல சேர்க்கை. 8 ஃபின்னை ஒரே ராட்ல கோத்து ஒரு ஸ்லைடர் வச்சா வெறும் 27! நாள்ல ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த 27-ஐயும் ஓட்டிப் பாத்துடலாம், கலாபகோஸே வேண்டாம். ஃபின்னை ஆட்டுற மோட்டார், அதான் ஆக்சுவேட்டரும் 24-க்குப் பதிலா 3 போதும். பாரிஸ்ல 1987-ல திறந்த அரபு உலக நிறுவனத்துத் தெற்கு முகப்புல, கேமரா லென்ஸ் மாதிரி சுருங்கி விரியுற பலகை 240. நாளடைவில அதுல நிறைய நின்னுபோச்சு. அசையுற சாமான் குறையக் குறைய நல்லது.

ஆங், திசையைச் சொல்ல விட்டுட்டேன், அதுதான் முக்கியம். வடக்குப் பக்கம் மட்டும் அசையுற மறைப்பு இல்லாத அபுதாபி அல் பஹர் டவர்ஸைப் பாத்துட்டு, நம்ம ஆட்களும் வடக்கை அப்படியே திறந்து விடுறாங்க. அபுதாபி அட்சரேகை 24 டிகிரிக்கு மேல இருக்கு, அங்க உச்சி வெயில் வடக்கால போறதே இல்ல. நமக்கு ஏப்ரல் 11 வாக்குல இருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்காலதான். ஆனா ஜூன்ல அது 75 டிகிரி உயரத்துல நிக்கும், ஒன்றரை மீட்டர் ஜன்னலுக்கு 40 சென்டி சன்ஷேட் போதும். தெற்குல டிசம்பர் உச்சிக்கு 58 டிகிரி, 92 சென்டி வேணும். மேற்குல மார்ச் மாசம் நாலரை மணிக்கு 30 டிகிரி. சன்ஷேட்னா 2.6 மீட்டர் நீட்டணும், அது நடக்காது. அதனால ஆடுற ஃபின்னுக்குள்ள பணத்தை மேற்குலயும் கிழக்குலயும் மட்டும் போடுங்க.

காத்து விஷயம் ஒண்ணு. ஈபிடபிள்யூல உள்ள காத்தை வச்சு ஃபின் கனம் தீர்மானிக்காதீங்க. அது சாதாரண வருஷத்துக் காத்து, உச்சக் காத்து இல்ல. ஆரல்வாய்மொழி கணவாய்ல அடிக்கிற காத்து அதுல கிடையாது. கட்டடத்துக்கான காத்து விசைக் கணக்கு உள்ள இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூணாம் பாகம் எடுத்துப் போடுங்க. காத்து கூடினா ஃபின் சுவருக்குச் செங்குத்தா, விளிம்பு காத்தைப் பாத்து நிக்கிற மாதிரி ப்ரோக்ராம் பண்ணுங்க.

கடைசியா, ஃபின் சுத்துற அச்சாணி 316 ஸ்டெயின்லெஸ், ஃபின் அலுமினியம், ரெண்டுக்கும் நடுவுல நைலான் வாஷரும் புஷ்ஷும் கட்டாயம். இல்லன்னா உப்புக் காத்துல அலுமினியம் வெள்ளைப் பொடியாப் பூத்து துளைக்குள்ள இறுகிரும். மோட்டார் விடாம இழுக்கும், ராட் வளையும், எட்டு ஃபின்னும் பாதியில நிக்கும். அந்த ராடுக்கு என்ன கனம், என்ன நீளம்னு அடுத்த வாரம் பாப்போம். அதுக்குள்ள அந்தப் பெட்டியில 5.5 இருக்கான்னு பாத்துக்கிடுங்க.