கத்தரிக்கும் கவனிப்பு வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். கவாத்து எப்போது செய்வது, எந்தக் கிளையை எடுப்பது என்றெல்லாம் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் பேச வந்தது கவாத்துக் கத்தரியைப் பற்றி.

கத்தரி வெட்டவில்லை என்றால் உடனே சாணைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பல நேரங்களில் அலகில் காய்ந்து இறுகிய பிசின்தான் குற்றவாளி. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, போகாததை இரும்பு நாரால் தேய்த்துவிடுங்கள். அடுத்து, நடுவில் உள்ள போல்ட்டைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் அலகுகள் விலகி, கிளையை நறுக்காமல் நசுக்கும். நசுங்கிய காயம் ஆறுவதற்கு நாளாகும். அதற்குள் நோய் புகுந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வெட்டவில்லையா? அப்போது தீட்டலாம். ஆனால் சுழலும் சாணை இயந்திரம் வேண்டாம் என்பேன். சூட்டில் அலகு நீலம் பாரித்துவிட்டால் எஃகின் பதம் போயிற்று, பிறகு கூர் தங்காது. சின்ன வைர அரமோ சாணைக்கல்லோ போதும்.

ஒன்றையொன்று உரசிச் செல்லும் அலகுகள் கொண்ட கத்தரியில், வெட்டும் அலகுக்கு ஒரு பக்கம்தான் சாய்வு. அந்தச் சாய்வில் மார்க்கர் மையைப் பூசிவிட்டு, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே போக்கில் தீட்டுங்கள். மை சீராக அழிந்தால் கோணம் சரி. விளிம்பில் மட்டும் அழிந்தால் அரத்தை அதிகமாக நிமிர்த்திப் பிடித்திருக்கிறீர்கள். சற்று நேரத்தில் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அதை எடுக்க, தட்டையான அந்தப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படியவைத்து இரண்டொரு முறை இழுத்தால் போதும். அங்கே சாய்வு மட்டும் ஏற்படுத்திவிடாதீர்கள். அலகுகளுக்கிடையே இடைவெளி விழுந்து, பட்டை நார் அதில் சிக்கிக்கொண்டே இருக்கும்.

பட்டையான அடித்தகட்டின் மேல் அலகு வந்து அமரும் வகை வேறு. அதற்குப் பெரும்பாலும் இரு பக்கமும் சாய்வு, இரு பக்கமும் தீட்ட வேண்டும். கடினப்படுத்திய பற்கள் கொண்ட ரம்பத்தில் அரம் ஏறாது, அலகை மாற்றுவதே வழி.

நோய்கண்ட செடியை வெட்டினால், அடுத்த செடிக்குப் போகுமுன் 70 சதவீத ஆல்கஹாலால் அலகைத் துடையுங்கள். பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும், கூடவே இரும்பையும் அரிக்கும். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய்.

மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவையுங்கள். நன்றி, வணக்கம்.