புதுப் பை வேண்டாம், கட்டிங் பிளேயர் எடுங்கள்!

இந்தப் பையைப் பாருங்கள். வார் அறுந்து போகவில்லை, அடித்துணி கிழியவில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் "இது அவ்வளவுதான், புதுசு வாங்கணும்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். காரணம், ஜிப். இழுத்தால் மூடுகிறது, பின்னாலேயே வாயைப் பிளக்கிறது. இரண்டே நிமிடத்தில் சரி செய்து காட்டுகிறேன், கூடவே இருங்கள்.

வணக்கம் நண்பர்களே! பள்ளி திறக்கும் நேரம், வீட்டில் செலவுக்கு மேல் செலவு. "நான் சம்பாதிக்கவில்லையே, எப்படி உதவுவது?" என்று யோசிக்கும் பதின்வயதுக்காரர்களுக்குத்தான் இந்த வீடியோ. என்னைக் கேட்டால், கடைக்குப் போவதற்கு முந்தின நாள் நீங்கள் வீட்டில் செய்யும் வேலைதான் உண்மையான சேமிப்பு.

சரி, ஜிப்புக்கு வருவோம். பல்லில்தான் கோளாறு என்று நினைப்போம். பல் வரிசை ஒழுங்காக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ரன்னர்தான், அதாவது நாம் பிடித்து இழுக்கும் அந்தத் துண்டு. இரண்டு பக்கப் பற்களையும் அழுத்திக் கோர்ப்பது அதன் வேலை. இழுத்து இழுத்து அதன் மேல் தகடும் கீழ்த் தகடும் கொஞ்சம் விலகிவிட்டால் பிடி போய்விடும். ரன்னரை ஜிப் தொடங்கும் முனைக்கே கொண்டு வாருங்கள். கோர்த்த பற்கள் வெளியே வரும் பின்பக்கம் தெரிகிறதா? அதன் இடது ஓரத்தைக் கட்டிங் பிளேயரால் மெல்ல ஒரு அழுத்து, வலது ஓரத்தில் ஒரு அழுத்து. இப்போது இழுத்துப் பாருங்கள். மூடவில்லையா? இன்னும் துளி அழுத்துங்கள். அவசரப்பட்டு நசுக்கினால் ரன்னர் உடைந்துவிடும், பொறுமை முக்கியம். அப்புறம் ஜிப் இறுக்கமாக ஓடுகிறதா? பென்சில் முனையைப் பற்கள் மேல் தேயுங்கள். கிராஃபைட் வழுக்கும் பொருள், எண்ணெய் மாதிரி வேலை செய்யும், துணியில் பிசுக்கும் ஒட்டாது. பல்லே உடைந்திருந்தால் மட்டும் ஜிப்பை மாற்றக் கொடுங்கள். அதுவும் புதுப் பை வாங்குவதற்கு எவ்வளவோ மேல்!

அடுத்து நோட்டு. விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், அட்டையில் ஜி.எஸ்.எம். இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். இந்தக் கணக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கும்! தாள் மெலிதாக இருந்து மை மறுபக்கம் ஊறினால், ஒரு பக்கம்தான் எழுத முடியும். 200 பக்க நோட்டு 100 பக்கமாகிவிடும்.

போன வருட நோட்டில் மிஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்தால் ரஃப் நோட்டு தயார். பழைய பாடப்புத்தகம் வாங்குவதானால், பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண், அதாவது புத்தகத்தின் அடையாள எண், பள்ளி சொன்ன பதிப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பள்ளிக்குத் தேவையான சாமான்களை "இருக்கிறது, சரிசெய்யலாம், வாங்கணும்" என்று மூன்று வரிசையாக எழுதி அம்மா, அப்பா கையில் கொடுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுங்கள்.

உங்கள் பை ஜிப் என்ன ஆனது? சரியானதா இல்லையா, கீழே எழுதுங்கள்.